யாருடைய பிள்ளைகள்?

போன டிசம்பரில் பாரிஸ் புறநகரிலிருந்து என் பெரியம்மாவின் பேரன் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். அவனுக்கு வயது 18. "சித்தி, பத்து மாசந்தான். மாசம் 800 யூரோ தராங்க. சாப்பாடு, யூனிஃபார்ம், தங்குற எடம் எல்லாம் அவங்களே. வெளிநாட்டுச் சண்டைக்கு அனுப்ப மாட்டாங்களாம். அம்மா வேணாம்னு அழுவுறாங்க. நீங்கதான் இதெல்லாம் படிக்கிறீங்கல்ல. சேரலாமா, சொல்லுங்க."

பிரெஞ்சு அதிபர் மக்ரோன் 2025 நவம்பர் 27 அன்று அறிவித்த தன்னார்வ ராணுவ சேவையைப் பற்றித்தான் கேட்கிறான். 2026 கோடையில் தொடங்குகிறது. முதல் ஆண்டு 3,000 பேர், 2035-க்குள் 50,000 பேர் என்பது திட்டம். அதற்கு ஒன்பது நாள் முன்னால் அந்நாட்டு முப்படைத் தளபதி ஃபபியான் மந்தோன் மேயர்கள் மாநாட்டில் பேசும்போது, தன் பிள்ளைகளை இழப்பதை ஏற்கும் மனத்திடம் இல்லாத நாடு ஆபத்தில் இருக்கிறது என்ற பொருளில் சொல்லப்போக, அது பெரிய சர்ச்சையானது. அக்கா அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். "பிள்ளைங்கள இழக்கணுங்கிறானே, யாரு பிள்ளைங்கள? எங்க தாத்தா போனது பத்தலியா?"

பையனுக்குப் பதில் சொல்லச் சில நாளானது. அக்காவின் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஓராண்டுக்கும் மேலாக ஐரோப்பாவில் ஒரே பேச்சு: அமெரிக்காவை நம்பியிருந்தது போதும், நம்மை நாமே காத்துக்கொள்வோம். டிரம்ப் இரண்டாவது முறை வந்ததும் பேச்சு வேகமெடுத்தது. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் 80,000 கோடி யூரோ அளவுக்கு ராணுவச் செலவுத் திட்டத்தை அறிவித்தது. ஜெர்மனி அதே மாதம் தன் அரசமைப்பின் கடன் வரம்பையே இதற்காகத் தளர்த்தியது. ஜூனில் ஹேக் நகரில் கூடிய நேட்டோ நாடுகள், 2035-க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டைப் பாதுகாப்புக்குச் செலவிடுவதாக ஒப்புக்கொண்டன. பத்தாண்டுக்கு முன் 2 விழுக்காட்டுக்கே மூக்கால் அழுத நாடுகள் இவை.

நம் தோழர்களிடம் இதைப் பற்றிப் பேசினால் இரண்டு விதமான பதில் வருகிறது. "ஏகாதிபத்தியவாதிகள் அடித்துக்கொள்ளட்டும், நமக்கென்ன" என்பது ஒன்று. "ஆயுத வியாபாரிகளின் சதி, அவ்வளவுதான்" என்பது இன்னொன்று. ஆயுத நிறுவனங்களின் பங்கு விலை ஏறியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் 2022 பிப்ரவரியில் ரஷ்யத் தாங்கிகள் உக்ரைனுக்குள் நுழைந்ததும் உண்மை. எஸ்தோனியாவில் இருக்கும் ஒருவரிடம் போய் உன் அச்சம் கற்பனை என்று நம்மால் சொல்ல முடியாது. பக்கத்து ஊர் ஆதிக்கசாதிக் கும்பல் தீப்பந்தத்தோடு வந்த அனுபவம் உள்ள சேரிக்காரர்கள் தற்காப்பு என்ற சொல்லைக் கேலி செய்யக் கூடாது.

எனவே என் பதில்: ஆம், ஐரோப்பா தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். ஆனால் டிரம்ப் சொல்லும் காரணத்துக்காக அல்ல. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு வேறு காரணம் இருக்கிறது.

பழைய தமிழ்க் கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் எல்லை எது என்று பறையருக்குத்தான் தெரியும். இரண்டு ஊருக்கு எல்லைத் தகராறு வந்தால் அவர் நடந்து காட்டிய கோடுதான் எல்லை. களத்து நெல்லுக்கு இராக்காவல், வயலுக்குக் காவல், பிணத்துக்குக் காவல் எல்லாம் அவருடையது. அவர் குடியிருப்பு மட்டும் ஊருக்கு வெளியே. மராத்தியத்தில் மகர்களுக்கும் இதே வேலை, இதே இடம். ஊரைக் காப்பவர் ஊர்க்காரர் ஆகமாட்டார் என்பதுதான் ஏற்பாடு. நான் ஐரோப்பாவின் போர் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இந்த ஊர்–சேரி ஏற்பாட்டைத்தான் அங்கேயும் பார்க்கிறேன். வரைபடம் பெரிது, அவ்வளவுதான்.

அந்த ஏற்பாட்டின் தொடக்கக் கட்டங்களில் ஒன்று எங்கள் ஊரில்தான் நடந்தது. 1740-களில் ஆஸ்திரிய அரியணைக்கு யார் வாரிசு என்பதற்காக ஐரோப்பிய அரசர்கள் போட்ட சண்டை சோழமண்டலக் கரைக்கு வந்தது. 1746-இல் அடையாற்றங்கரையில் சில நூறு பிரெஞ்சுக்காரர்களும், அவர்களிடம் பயிற்சி பெற்ற உள்ளூர்ச் சிப்பாய்களும் சேர்ந்து ஆற்காட்டு நவாபின் பெரும்படையை விரட்டினார்கள். நம் ஆளைப் பயிற்றுவித்தால் போதும், நம் ஆளைக் கொண்டே எல்லாம் முடித்துவிடலாம் என்பதை ஐரோப்பியர்கள் அங்கே கற்றுக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கற்றதை ஆங்கிலேயர்கள் பெரிதாகச் செய்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் வரும் 'சொலுதாது' இன்று எங்கள் ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. அந்த நாட்குறிப்பில் அவர் வெள்ளைக்காரர். இன்று புதுச்சேரியில் சொல்தா என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த தமிழர். சொல் இடம் மாறியதிலேயே பாதிக் கதை இருக்கிறது.

முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பிரிட்டனுக்காகக் கடல் கடந்தார்கள். இந்தியப் படையில் இறந்தவர்கள் 74,000-க்கும் அதிகம். பிரான்சுக்காக மேற்கு ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ 30,000 பேர் செத்தார்கள். 1940-இல் பாரிஸ் விழுந்தபோது தெகோலிடம் நிலமே இல்லை. அவருக்கு நிலம் கொடுத்தது ஆப்பிரிக்கா. சாட் நாட்டின் ஆளுநர் ஃபெலிக்ஸ் எபுவே என்ற கறுப்பர் ஆகஸ்டில் அவர் பக்கம் வந்தார். சுதந்திர பிரான்சின் தலைநகரமாகக் காங்கோவின் பிரஸ்ஸாவில் இருந்தது. செப்டம்பரில் புதுச்சேரி ஆளுநர் லூயி போன்வேனும் சேர்ந்துகொண்டார். ஐரோப்பா தன்னைத் தானே காத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது போலவும், பிறகு சோம்பேறியாகி அமெரிக்காவிடம் பொறுப்பை விட்டது போலவும் இப்போது எழுதுகிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அமெரிக்காவுக்கு முன்னால் நாங்கள் இருந்தோம்.

கூலி என்னவாயிற்று? 1944 டிசம்பர் 1. செனகலின் தியாரோய் முகாம். ஜெர்மானியரிடம் போர்க்கைதிகளாக இருந்து மீண்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்கள், வரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்டார்கள். பிரெஞ்சுப் படை சுட்டது. 35 பேர் இறந்ததாக எழுதி வைத்தார்கள். 2014-இல் ஒல்லாந்து குறைந்தது 70 என்றார். வரலாற்றாசிரியர்கள் பலர் அதைவிடக் கூடுதல் என்கிறார்கள். அது படுகொலை என்று 2024 நவம்பரில்தான் மக்ரோன் செனகல் அதிபருக்குக் கடிதம் எழுதினார். கிட்டத்தட்ட 80 ஆண்டு. அதே 1944-இல், பிரான்சை மீட்கத் தென்கரையிலிருந்து சண்டையிட்டு மேலேறி வந்த ஆப்பிரிக்கர்களைக் குளிரைக் காரணம் காட்டிப் படையிலிருந்து விலக்கி, அவர்கள் சீருடையை வெள்ளை இளைஞர்களுக்குப் போட்டார்கள். 'வெளுத்தல்' என்றே அதற்குப் பெயர். வெற்றி ஊர்வலம் ஊர்த்தெருவில் போகும்போது காவல்காரன் கூட வரக் கூடாதல்லவா. பிறகு 1959-இன் ஒரு சட்டம், விடுதலை பெற்ற காலனிகளின் முன்னாள் சிப்பாய்களது ஓய்வூதியத்தை உறைய வைத்தது. பிரெஞ்சுக்காரருக்கு ஏறிக்கொண்டே போக, அவர்களுக்கு அப்படியே நின்றது. 2006-இல் 'இந்திஜென்' என்ற திரைப்படம் வந்து மானத்தை வாங்கிய பிறகே சிராக் அரசு அதைச் சரிசெய்ய முன்வந்தது.

இதையெல்லாம் எழுதுவது சுலபம். பெரியம்மா வாழ்க்கைப்பட்ட வீட்டைப் பற்றி எழுதுவது அவ்வளவு சுலபமில்லை.

எங்கள் வீட்டில் யாருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை கிடையாது. பெரியப்பாவின் அப்பா சொல்தா. அவருடைய தாத்தா 'ரெனோன்சான்', அதாவது துறந்தவர். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, பிரெஞ்சிந்தியாவில் இருந்த எவரும் சாதி, மத வழக்கத்தின்படியான தனிச்சட்டத்தைத் துறப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொண்டு, பிரெஞ்சுக் குடிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களும் கிறிஸ்தவர்களும் பெருமளவில் துறந்தார்கள். சண்முக வேலாயுத முதலியார் போன்ற சாதி இந்துத் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். எதை இழந்துவிடுவோம் என்று பயந்தார்களோ அதுதான் எங்கள் ஆட்களுக்கு விலங்கு. துறப்பதற்கு எங்களிடம் என்ன இருந்தது?

துறந்தவர்களுக்குச் சைகோனில் அரசு வேலை, போலீஸ் வேலை, ராணுவ வேலை கிடைத்தது. பிரெஞ்சில் 'இரத்த வரி' என்று ஒரு வழக்கு உண்டு. ராணுவ சேவைதான் அந்த வரி. செனகலின் பிளேஸ் தியாக்னே முதல் உலகப் போரின்போது இந்தக் கணக்கைத் தெளிவாகப் போட்டார்: எங்கள் ஆட்களைப் படையில் எடுத்துக்கொள், குடியுரிமையைக் கொடு. 1915-இலும் 1916-இலும் அதற்குச் சட்டமே வாங்கினார். வரி கட்டினால் பட்டா கிடைக்கும் என்ற கணக்கு.

இந்தக் கணக்கைக் கேவலமாகப் பேசுவதற்கு எனக்கு மனம் வராது. கோரேகானுக்கு ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று நீலக்கொடி ஏந்திப் போகிறோம். 1818-இல் மகர்கள் அங்கே நின்றது கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில்தான். 1927-இல் பாபாசாகேப் அங்கே போனார். அவருடைய அப்பாவே ராணுவச் சுபேதார். 1890-களில் 'போர்க்குணமுள்ள இனம்' என்ற பித்தலாட்டக் கொள்கையால் மகர்களைப் படையிலிருந்து ஒதுக்கியபோது, அந்தக் கதவை மீண்டும் திறக்கப் போராடினார்கள். 1941-இல் மகர் ரெஜிமென்ட் வந்ததில் அம்பேத்கரின் முயற்சி உண்டு. 'சாதி ஒழிப்பு' நூலில் அவர் சொல்லும் காரணம் இன்னும் ஆழமானது. இந்தியாவில் அடித்தட்டு மக்கள் ஏன் கிளர்ந்தெழவில்லை? சதுர்வர்ணம் அவர்கள் கையிலிருந்து ஆயுதத்தையும் கல்வியையும் பறித்துவிட்டது என்கிறார். ஐரோப்பாவிலும் வலியவன் எளியவனைச் சுரண்டினான். ஆனால் அங்கே எளியவனுக்கு ராணுவ சேவை, வாக்குரிமை, கல்வி என்ற மூன்று ஆயுதங்கள் மறுக்கப்படவில்லை என்று 1936-இல் எழுதுகிறார். ஐரோப்பியப் பாதுகாப்பு பற்றி இவ்வளவு கட்டுரைகள் படித்துவிட்டேன். ராணுவ சேவையை எளியவனின் கையிருப்பாகப் பார்த்த ஒரு வரி வேறெங்கும் கண்ணில் படவில்லை.

தாத்தாவுக்கும் அப்படித்தான் நடந்தது. பிரெஞ்சு மண்ணில் பிறந்த சேரிப் பையனுக்கு அந்த மூன்று ஆயுதமும் ஒருசேரக் கிடைத்தன. பெரியம்மா இன்றும் சொல்வார்: "சொல்தா வேலதான் எங்கள மனுசனாக்குச்சு." ஓய்வுபெற்று வந்து 1960-களில் நகரத்துக்குள் ஒரு மனை வாங்கினார். பத்திரத்தில் பிரெஞ்சுப் பெயர். பெயரை வைத்துச் சாதி தெரியாமல் விற்றவர், கிரகப்பிரவேசத்தன்றுதான் சொந்தக்காரர்களைப் பார்த்து விஷயம் தெரிந்துகொண்டாராம். தெருவிலிருந்து ஒருவரும் சாப்பிட வரவில்லை. சமைத்தது அவ்வளவையும் வண்டி வைத்துப் பழைய தெருவுக்கு அனுப்பினார்கள். ஆனாலும் வீடு நின்றது. ஓய்வூதியம் பிராங்கில் வந்தது. வீட்டை எவனும் காலி செய்யச் சொல்ல முடியவில்லை. (இதே ரெனோன்சான் குடும்பங்கள், சாதிச் சட்டத்தைத் துறந்து நூற்றைம்பது ஆண்டு ஆகப்போகிறது, கல்யாணம் மட்டும் இன்னும் சாதிக்குள்தான். பிரெஞ்சு பாஸ்போர்ட் மாப்பிள்ளைக்குச் சீர் எவ்வளவு என்பது தனிக் கட்டுரை.)

ஆனால் அந்த ஆயுதத்தை எந்தப் பக்கம் நீட்டினார்கள்? தாத்தா போனது இந்தோசீனாவுக்கு. எதிரே நின்றவர்கள் வியட்நாமின் நெல் விவசாயிகள். நம்மைப் போலவே முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்டவர்கள். எங்கள் விடுதலைக்கான விலையை அவர்கள் உடம்பில் வசூலித்தார்கள். தாத்தா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைப் போர் நினைவிடத்துக்குப் போவார். போன கையோடு ஃபொயேவில் மற்ற சொல்தாக்களுடன் உட்கார்ந்து வருவார். "சைகோன்ல மழை நம்மூரு மழ மாரி கெடையாது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அந்தப் போரில் ஒரு விவரம் முக்கியமானது. பிரான்சில் அப்போது கட்டாய ராணுவ சேவை இருந்தது. ஆனால் கட்டாய சேவையில் இருந்த பிரெஞ்சு இளைஞர்களை இந்தோசீனாவுக்கு அனுப்பவில்லை. போனவர்கள் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள், அந்நியப் படையணி, மொராக்கோக்காரர்கள், அல்ஜீரியர்கள், செனகல்காரர்கள், வியட்நாமியர்கள், எங்கள் சொல்தாக்கள். கடைசிக் கட்டத்தில் செலவின் பெரும்பகுதியைக் கொடுத்தது அமெரிக்கா. உயிரும் பணமும் அடுத்தவருடையது. எட்டு ஆண்டு நடந்த அந்தப் போரைப் பற்றிப் பிரான்சின் சாதாரணக் குடும்பங்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஏன் கவலைப்பட வேண்டும்?

1954-ஐக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மே 7, தியென் பியென் பூ வீழ்கிறது. ஆகஸ்ட் 30, ஐரோப்பாவுக்கென்று ஒரே ராணுவம் அமைக்கும் ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் தோற்கடிக்கிறது. ஆம், இன்று புதிதாகக் கண்டுபிடித்தது போலப் பேசும் திட்டத்தைத்தான். அக்டோபர் 18, கீழூரில் நம் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களிக்கிறார்கள். நவம்பர் 1, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்குகிறது. அதே நவம்பர் 1 அன்று அல்ஜீரியாவில் விடுதலைப் போரின் முதல் குண்டு வெடிக்கிறது. நாங்கள் விடுதலை நாள் கொண்டாடும் அன்றைக்குத்தான் அல்ஜீரியாவும் தன் போர் தொடங்கிய நாளைக் கொண்டாடுகிறது. எங்கள் விடுதலை நாள் விழாவில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இங்கே கொடி இறங்கியபோது பிரெஞ்சுச் சீருடையில் இருந்த தாத்தா, அந்தச் சீருடையோடு அல்ஜீரியாவுக்குப் போனார்.

அல்ஜீரியாவில் பிரான்ஸ் தன் கட்டாய சேவைப் பிள்ளைகளையும் அனுப்ப வேண்டியிருந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அப்போதுதான் போர் வீட்டுக்குள் வந்தது. 1955-லேயே திரும்ப அழைக்கப்பட்டவர்கள் ரயில்களை நிறுத்தினார்கள். தாய்மார்கள் தண்டவாளத்துக்கு வந்தார்கள். 1961 ஏப்ரலில் அல்ஜியர்ஸில் நான்கு ஜெனரல்கள் ஆட்சியைக் கவிழ்க்க எழுந்தபோது, சாதாரணச் சிப்பாய்கள் டிரான்சிஸ்டர் வானொலியில் தெகோலின் பேச்சைக் கேட்டுவிட்டு, மேலதிகாரிகள் பின்னால் போக மறுத்தார்கள். கவிழ்ப்பு நான்கே நாளில் அடங்கியது. அந்தப் போரும் எட்டாண்டு ஓடியது, சித்திரவதை நடந்தது, அல்ஜீரியர்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். கட்டாய சேவை போரை நல்லதாக்கிவிடாது. ஆனால் சொந்தப் பிள்ளை போனபோது கேள்வி பிறந்தது. அடுத்தவன் பிள்ளை போனவரை பிறக்கவில்லை.

இந்த இடத்தில் என் தோழர்கள் சிலர் கோபப்படுவார்கள். கட்டாய ராணுவ சேவையை ஆதரிக்கிறாயா என்பார்கள். நான் ராணுவத்தை விரும்புகிறவள் இல்லை. தற்காப்பே வேண்டாம் என்று ஒரு நாடு முடிவெடுத்தால் மகிழ்ச்சி. ஆனால் வேண்டும் என்று முடிவெடுத்தால், அதன் சுமையை யார் தோளில் வைப்பது என்பது இரண்டாவது கேள்வி அல்ல. கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை, யார் இறங்குவது என்பதில்தானே இந்தச் சமூகத்தின் யோக்கியதை தெரிகிறது.

பிரான்சில் கட்டாய சேவையை 1997-இல் சட்டம் போட்டு நிறுத்திவைத்தார்கள், 2001-இல் முழுமையாக நின்றது. ராணுவம் சம்பள வேலையானது. இப்போது வரும் தன்னார்வ சேவையில் மாதம் 800 யூரோ என்றால் யாருக்கு அது பெரிய தொகை? பாரிஸ் நடுநகரத்தில் வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைக்கா, புறநகர் அடுக்ககத்தில் அம்மா துப்புரவு வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கா? 'தன்னார்வம்' என்ற சொல்லில் ஆர்வம் எவ்வளவு, வயிறு எவ்வளவு என்று எடை போட நமக்குத் தெரியும். 2022-இல் நம் அரசு கொண்டுவந்த அக்னிபத் திட்டமும் ஏழை வீட்டு இளைஞனைத்தான் குறிவைத்தது: நான்கு ஆண்டு வேலை, நால்வரில் மூவருக்கு ஓய்வூதியம் இல்லாமல் வீட்டுக்கு வழி. எதிரே நிற்கும் ரஷ்யா இதில் இன்னும் மோசம். புரியாத்தியா, துவா போன்ற ஏழைச் சிறுபான்மைப் பகுதிகளிலிருந்து மக்கள்தொகைக்கு மிஞ்சிய அளவில் சாவு. அதுவும் பத்தாமல் நேபாளிகளையும், வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றி இந்திய இளைஞர்களையும் முன்வரிசைக்கு இழுத்தார்கள். அமெரிக்கா ஐரோப்பாவைக் காக்கிறது என்று சொல்லும்போதும், அந்த அமெரிக்கா எது என்று பாருங்கள். 1973-இல் கட்டாய சேவையை நிறுத்திய பிறகு, அங்கே சாதாரணச் சிப்பாய்களில் கறுப்பர்களின் பங்கு மக்கள்தொகைப் பங்கைவிடக் கூடுதல். ஆக இவ்வளவு காலம் ஐரோப்பாவைக் காத்தது அமெரிக்காவின் சேரியும்தான்.

வேறு வழி இல்லாமல் இல்லை. நார்வேயும் சுவீடனும் ஆண் பெண் இருவரையும் சேவைப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. டென்மார்க்கில் 2025 ஜூலை முதல் பெண்களுக்கும் குலுக்கல். எல்லாரையும் எடுப்பதில்லை, தேர்வும் உண்டு. ஆனாலும் அமைச்சரின் மகள் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நான் ஐரோப்பாவிடம் கேட்பது அதைத்தான். உங்களை நீங்களே காத்துக்கொள்ளுங்கள், 'உங்களை' என்பதில் பணக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணமும் அப்படித்தான். 2025 பிப்ரவரியில் பிரிட்டன் பாதுகாப்புச் செலவைக் கூட்டுவதாக அறிவித்தது. எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? வெளிநாட்டு உதவியை 0.5 விழுக்காட்டிலிருந்து 0.3 ஆகக் குறைத்து. அதாவது ஆப்பிரிக்காவின் தடுப்பூசிப் பணத்தில் ஐரோப்பாவின் பீரங்கி. முன்னால் ஆளை அனுப்பினோம், இப்போது மருந்தை அனுப்ப வேண்டும். அதே பிரிட்டன் இன்றும் நேபாளத்திலிருந்து கூர்க்காக்களை எடுக்கிறது. 1997-க்கு முன் ஓய்வுபெற்ற கூர்க்காக்களுக்குப் பிரிட்டிஷ் சிப்பாயைவிடக் குறைந்த ஓய்வூதியம்தான். தன்னைத் தானே காத்துக்கொள்வது என்றால் முதலில் இந்தப் பழைய பாக்கிகளைத் தீர்க்க வேண்டும்.

ஆப்பிரிக்கா தன் பங்குக்குக் கணக்கை முடித்துக்கொண்டிருக்கிறது. மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் என்று வரிசையாகப் பிரெஞ்சுப் படையை அனுப்பிவிட்டார்கள். (அந்த நாடுகளில் இப்போது அமர்ந்திருக்கும் ராணுவ ஆட்சிகளை நான் கொண்டாடவில்லை.) செனகல் அதிபர், தியாரோய் கடிதம் வந்த அதே நாளில், பிரெஞ்சுத் தளங்கள் மூடப்பட வேண்டும் என்று சொன்னார். 2025 ஜூலையில் கடைசித் தளத்தையும் ஒப்படைத்துவிட்டுப் பிரான்ஸ் வெளியேறியது. காவல்காரன் வேலையை விட்டுவிட்டான். ஊர் இனி தானேதான் விழித்திருக்க வேண்டும்.

பையனுக்கு நீளமாக ஒரு பதில் பேசி அனுப்பினேன். சேரு என்றும் சொல்லவில்லை, சேராதே என்றும் சொல்லவில்லை. சேர்ந்தால் உனக்கு ஓட்டுநர் உரிமமோ வேலையோ மரியாதையோ கிடைக்கலாம், உன் கொள்ளுத்தாத்தாவுக்குக் கிடைத்தது, அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன் என்றேன். வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்பது இன்றைய அதிபரின் வாக்கு, தேர்தல் 2027-இல் என்றேன். ஒரே ஒரு வேலை கொடுத்தேன். "உன் ஸ்கூல்ல யார் யாரு இதுக்குப் பேர் குடுக்கப் போறாங்கன்னு கேட்டுச் சொல்லுடா."

நான்கு நாள் கழித்துச் சொன்னான். அவனையும் சேர்த்து ஐந்து பேர் யோசிக்கிறார்கள். ஒருவன் வீடு அல்ஜீரியாவிலிருந்து வந்தது. ஒருத்தி மர்த்தினிக். இரண்டு பேர் மாலிக்காரக் குடும்பம். அது புறநகர்ப் பள்ளி, அங்கே இருப்பவர்களே அவர்கள்தான், இதை வைத்துப் புள்ளிவிவரம் எதுவும் சொல்ல முடியாது என்று ஆய்வு மாணவியாக எனக்குத் தெரியும். "நடு பாரிஸ்ல இருக்குற லீசேல உனக்கு ஃபிரெண்ட்ஸ் யாரும் இல்லியா, அவங்களக் கேளேன்" என்றேன். "அவங்கெல்லாம் ப்ரெப்பா போறாங்க சித்தி" என்றான்.

ஜூனில் தேர்வு முடிந்த பிறகு முடிவெடுப்பானாம். அக்கா இன்னும் அழுகிறாள். தாத்தாவின் பதக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொன்னான். பெரியம்மா வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தோம். பதக்கங்களுக்கு அடியில், மடிப்பில் கிழிந்த ஒரு தாள். 1962 ஆகஸ்ட் 16-இல் இணைப்பு சட்டப்படி நடப்புக்கு வந்த பிறகு, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே தொடரலாம் என்றார்களே, அதற்கு அவர் எழுதிக் கொடுத்ததன் நகல். கையெழுத்து நடுங்கியிருக்கிறது. அதையும் படமெடுத்து அனுப்பினேன்.